பரீட்சை இல்லாத வருஷம்

என் பெரியவனுக்கு,

வருகிற சனிக்கிழமை பெரியம்மா உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு லீட்ஸுக்குப் போகிறார். பல்கலைக்கழக விடுதியில் உன் கட்டிலுக்கு விரிப்பு விரிக்கப்போகிறவர் அவர். உன் உடுப்புகளை அலுமாரியில் அடுக்கப்போகிறவர் அவர். வாசலில் நின்று உன்னைக் கட்டிப்பிடித்து, மூக்கை உறிஞ்சி, "போட்டு வாறன் ராசா" என்று சொல்லிவிட்டுத் திரும்பப்போகிறவரும் அவர்தான். அந்த நேரம் நான் மெல்பேர்னில், கிரெய்கிபர்ன் வீட்டில் உன் தங்கச்சிக்குப் புட்டு அவித்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு, நான் அசைய முடியாது. ஏன் முடியாது என்று உனக்கு விளக்கத் தேவையில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, மகனே. ஏக்கம், பிரிவு, தாய்மனம் என்றெல்லாம் எழுதினால் வாசிக்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், எனக்கும் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஆனால் அது பொய். என் கூடப்பிறந்த அக்காமேல் எனக்குப் பொறாமை. மூன்று வருஷமாக வயிறு எரிகிறது.

இதை ஏன் ஊரறியச் சொல்கிறேன் என்று கேட்பாய். இங்குள்ள சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "அன்ரி, உங்கட மகன் லண்டனிலதானே படிச்சவர். அங்கத்தைய சோதினைகளைப் பற்றி எழுதித் தாங்கோ. இஞ்சை ஒருத்தருக்கும் விளங்குதில்லை" என்றாள் மலர்க்குழுவில் இருக்கும் பெண். ஓம் என்றுவிட்டேன். எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு பரீட்சையின் பெயரை எழுதும்போதும் அதனால் நீ என்னைவிட்டுத் தள்ளிப்போன கதையும் கூடவே வந்தது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. தனியாக உனக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் உன் தமிழ் வாசிப்பு எனக்குத் தெரியும். இரண்டாவது பந்தி வருமுன்னே "பெரியம்மா, இதை வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று கொடுத்துவிடுவாய். எப்படியும் அவர் வாசிக்கத்தான் போகிறார் என்றால், எல்லோரும் வாசிக்கட்டும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. பரீட்சை வருஷத்தில் பிள்ளையை அசைக்கக் கூடாது. வீடு மாறக் கூடாது, வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கக் கூடாது, விருந்தாளிகளைத் தங்கவைக்கக் கூடாது. என் அப்பா போட்ட சட்டம். நான் ஏ லெவல் எழுத இருந்த வருஷம்தான் அக்காவுக்கு லண்டன் மாப்பிள்ளை பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டார் தை மாசத்தில் கலியாணத்தை வைக்கலாம் என்று நாளும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். "சின்னவளுக்குச் சோதினை. அது முடியட்டும்" என்றார் அப்பா. கலியாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அக்கா குசினிக்குள் போய் எனக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து தந்தார். ஊரெல்லாம் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தது. விழுந்து விழுந்து படித்துப் பரீட்சை எழுதிய என்னை ஒருவரும் புகழவில்லை. அக்காமேல் எனக்கு எரிச்சல் தொடங்கியது நீ பிறந்த பிறகு அல்ல என்பதை நீ தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

பிறகு நானும் கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்தேன். ஈஸ்ட்ஹாமில் பெரியம்மாவின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தோம். அங்கேதான் நீயும் தங்கச்சியும் பிறந்தீர்கள். இரண்டாயிரத்துப் பத்தில் உன் அப்பாவுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்தது. தங்கச்சிக்கு அது பரீட்சை இல்லாத வருஷம். பெட்டியோடு பெட்டியாக அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். நீ பத்தாம் வகுப்பு முடித்துப் பதினோராம் வகுப்புக்குப் போகவிருந்தாய், ஜீசீஎஸ்ஈ வருஷம். பெரியம்மாவின் மகள் கலியாணமாகி ரொறன்ரோ போனதால் அவளுடைய அறை காலியாக இருந்தது. "ஒரு வருசம்தானே, என்னோட நிக்கட்டும்" என்றார் பெரியம்மா. உன் அப்பாவுக்கு விருப்பமில்லை. "கூட்டிக்கொண்டு போவம். அங்கயும் பள்ளிக்கூடம் இருக்குத்தானே" என்றார். "சோதினை வருசத்தில பிள்ளையை அசைக்கிறதோ? விசரோ உங்களுக்கு?" என்று கேட்டு அவருடைய வாயை அடைத்தவள் நான்தான்.

ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் இருந்தது. நாங்கள் படித்த இலங்கையில் ஓ லெவல் ஒரு வருஷம் வரும், ஏ லெவல் ஒரு வருஷம் வரும். நடுவில் மூச்சுவிட இடமிருக்கும். கலியாணம் வைக்கலாம், வீடு மாறலாம். நீ படித்த காலத்துப் பிரித்தானியாவில் அப்படி ஒரு வருஷமே கிடையாது. பத்தாம் வகுப்பிலேயே விஞ்ஞானத்தில் சில பகுதிகளை எழுதி முடித்திருந்தாய். பதினொன்றில் ஜீசீஎஸ்ஈ. பன்னிரண்டில் ஏஎஸ். பதின்மூன்றில் ஏ2. போதாக்குறைக்குத் தை மாசத்திலும் சில பாடங்களுக்குப் பரீட்சை. அந்த நாட்டு அரசாங்கமும் என் அப்பாவும் ஒரே மேசையில் இருந்து பேசித் தீர்மானித்ததுபோல இருந்தது. நான் நம்பிய சட்டத்தை வைத்தே நீ ஒவ்வொரு வருஷமும் அங்கே நின்றாய்.

மலரை வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். அங்கே பதினாறு வயதில் எழுதுவது ஜீசீஎஸ்ஈ. ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகத் தரம் வரும், மொத்தமாகக் கூட்டி ஒரு புள்ளி தரமாட்டார்கள். எட்டு, ஒன்பது, பத்துப் பாடங்கள்கூட எழுதுவார்கள். ஏ-க்கு மேலே ஏ ஸ்டார் என்று ஒன்று உண்டு. சீ-க்குக் கீழே போனால் அடுத்த படிக்குப் போவது கஷ்டம், அதிலும் ஆங்கிலமும் கணிதமும் முக்கியம். இங்கே விக்டோரியாவில் பத்தாம் வகுப்போடு அப்படியொரு பொதுப் பரீட்சை இல்லாததால் இங்குள்ளவர்களுக்கு அதன் அருமை புரிவதில்லை. உன்னுடைய முடிவு வந்த கிழமை இங்கே ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு அன்ரி தன் மகளுடைய ஏடார், அதாவது இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் தருகிற தரவரிசைப் புள்ளி, தொண்ணூற்றாறு என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பொறுக்கமாட்டாமல், உனக்கு ஏழு பாடத்தில் ஏ என்றேன். "ஓ, ஓ லெவல்தானே" என்றுவிட்டு ரோல்ஸ் எடுக்கப் போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவுக்கு ஜீசீஎஸ்ஈ பற்றி வகுப்பெடுத்தேன். அவர் காரை ஓட்டிக்கொண்டே "எனக்கு ஏனப்பா சொல்லுறீர்? அவவுக்குச் சொல்லும்" என்றார்.

அந்த வருஷம் நீ வந்திருக்க வேண்டும். உனக்கென்று அறை ஒதுக்கி நீல நிறத்தில் திரைச்சீலையும் போட்டிருந்தேன். ஆனால் அங்கே முடிவு வருவது ஆவணியில், இங்கே புதுப் பள்ளி வருஷம் தொடங்குவது தையில். பெரியம்மா தொலைபேசியில் நிதானமாகச் சொன்னார்: "இப்ப வந்தால் அரைவாசி வருசம் வீட்டில சும்மா நிப்பான். இஞ்சை சிக்ஸ்த் ஃபோமில, பன்னிரண்டாம் வகுப்புக்கு, இடம் கிடைச்சிட்டுது. ஏஎஸ் எடுக்கட்டும், அது தனிச் சேர்ட்டிபிக்கற். ஒரு வருசம்தானே." சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஏஎஸ் அப்போது தனித் தகுதிதான். அவர் ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். எப்போதும் சரியாகச் சொல்கிற ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? சின்ன வயதிலிருந்தே எனக்கு இதே பிரச்சினைதான்.

ஏ லெவலுக்கு நீ எடுத்த பாடங்களைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. கணிதம், பௌதிகம், இரசாயனம், புவியியல். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மருத்துவத்துக்கு ஒரு பிரிவு, பொறியியலுக்கு ஒரு பிரிவு, வர்த்தகம், கலை. பௌதிகத்தோடு புவியியலைச் சேர்த்து எடுப்பதை, சோற்றுக்குள் கேக்கைப் பிசைவதாகத்தான் நான் நினைத்தேன். "இஞ்சை அப்பிடிப் பிரிவு இல்லையடி. விரும்பின பாடத்தை எடுக்கலாம். எந்தக் கோர்ஸுக்கு எது வேணுமெண்டு பார்த்து எடுத்தால் சரி" என்றார் பெரியம்மா. முதல் வருஷம் நாலு பாடம், அடுத்த வருஷம் ஒன்றை விட்டுவிட்டு மூன்று என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நீ இரசாயனத்தை விட்டாய். மருத்துவக் கனவும் அதோடு போனது. அதற்குக்கூட நான் பெரிதாக அழவில்லை. இரசாயனத்தை விடப்போகிறாய் என்று பெரியம்மாவுக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்திருந்தது என்பதற்குத்தான் அழுதேன். மகனே, வாழ்க்கையில் எதை விடுவதாக இருந்தாலும் விடு. வேலையை விடு, ஊரை விடு, நான் தேடித் தருகிற பெண்ணையும் வேண்டாமென்று விடு. ஆனால் அதை எனக்கு இரண்டாவதாகச் சொல்லாதே.

ஏஎஸ் முடிவு வந்த நாளில் நடந்த கூத்தைப் பெரியம்மா உனக்குச் சொல்லியிருப்பார். சொல்லாமல் இருந்திருக்கவே மாட்டார். "அம்மா, டூ ஏஸ், எ பி அன்ட் எ சி" என்று நீ சொன்னாய். இலங்கைச் சோதினை எழுதிய காது என் காது. ஏ லெவலில் இரண்டு ஏ, ஒரு பி, ஒரு சி. எங்கள் காலத்து ஏ லெவலிலும் நாலு பாடம்தான். என் பிள்ளை ஏ லெவல் முடித்துவிட்டான் என்று நினைத்தேன். முடித்தால் வரவேண்டியதுதானே! கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தேன். நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தேன். ஏடார் தொண்ணூற்றாறு அன்ரிக்கு நானே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். பிறகு பெரியம்மாவுக்கு எடுத்து, "அக்கா, ரிக்கற் போடட்டோ?" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு. "எடியே, அது ஏஎஸ் அடி. அரைவாசிதான். மற்ற அரைவாசி ஏ2, அது வாற வருசம். ரெண்டையும் சேர்த்தாத்தான் முழு ஏ லெவல்." அவர் கெட்ட மனத்தோடு சிரிக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் பின்னால் நீயும் சிரித்தாய். நீங்கள் இரண்டு பேரும் ஒரே குசினியில் நின்று ஒரே விஷயத்துக்குச் சிரித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கையில் மிஞ்சியிருந்த லட்டுப் பெட்டியோடு நான் இங்கே நின்றேன்.

அந்த அழைப்பிலேயே "சரி, அரைவாசியோட வந்தால் என்ன?" என்று கேட்டிருக்கலாம். அப்பா சைகை காட்டினார், கேள் என்று. கேட்டால், இங்குள்ள பள்ளி இறுதிப் படிப்பான விசிஈயில் நீ மறுபடியும் பதினோராம் வகுப்பில் இருந்து தொடங்கவேண்டி வரலாம் என்று பெரியம்மா சொல்வார், அதுவும் சரியாகத்தான் இருக்கும். அதனால் அவருக்கு முந்தி நானே சொன்னேன், "சோதினை வருசம்தானே அக்கா, நிக்கட்டும்" என்று. தொலைபேசியை வைத்ததும் உன் தங்கச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஹீ இஸ் நொட் லொஸ்ட். ஹீ இஸ் இன் லண்டன்" என்றாள். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் பகல் முழுவதும் காப்பகத்தில் ஊரார் பிள்ளைகளுக்குத்தான் ஊட்டுகிறேன். ஆனால் என் பிள்ளை தானே வளரவில்லை, அக்கா வளர்த்தார். காப்பகத்தில் ஒரு குழந்தை தவறி என்னை "மம்" என்று கூப்பிட்டால் உடனே திருத்திவிடுவேன். பெற்றவள் காதில் விழுந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் பௌதிக ஆசிரியர் பெரியம்மாவைப் பார்த்து, "மம், யூ மஸ்ட் பி ப்ரௌட்" என்றாராம். இதைப் பெரியம்மாவே எனக்குச் சொன்னார், பெருமையாகச் சொன்னார். "நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டேன். அக்காவை நான் "நீ" என்று கூப்பிடுவது மிகவும் அரிது. "என்னத்தைச் சொல்ல, பின்னால லைனில ஆக்கள் நிக்குதுகள். ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார். அன்று பின்னேரம் கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. அப்பா ஊறுகாய்ப் போத்தலை எடுத்து வைத்துச் சாப்பிட்டார்.

பல்கலைக்கழக விண்ணப்பம் வந்தபோது நான் தீர்மானித்துவிட்டேன், இந்தமுறை எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது என்று. வேலைக்குப் போகும் ரயிலில் அதைப் பற்றியே வாசித்தேன். அங்கே எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே இடத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து இடங்களைத் தெரிவு செய்யலாம். முடிவு வருமுன்னரே, இந்தப் பிள்ளை இன்ன தரம் எடுப்பான் என்று ஆசிரியர்கள் கணித்து எழுதுவார்கள். அதைப் பார்த்துப் பல்கலைக்கழகம், இவ்வளவு எடுத்தால் இடம் தருகிறோம் என்று நிபந்தனையோடு சொல்லும். வந்தவற்றில் ஒன்றை முதல் தெரிவாகவும், தவறினால் பிடித்துக்கொள்ள இன்னொன்றையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். இரண்டும் தவறினால் உலகம் இருண்டுவிடாது, காலியாக உள்ள இடங்களுக்கு ஆவணியில் மறுபடியும் கேட்கலாம். ஏ லெவல்தான் ஒரே வழி என்றும் இல்லை. பிடெக் என்று ஒரு தொழில்சார் படிப்பு இருக்கிறது (இந்தியாவில் சொல்லும் பொறியியல் பட்டம் இல்லை), வருஷம் முழுவதும் செய்கிற வேலைகளுக்குப் புள்ளி தருவார்கள், அதை வைத்தும் பல பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம். வேலை பழகிக்கொண்டே படிக்கும் வழியும் உண்டு. நம்மவர்கள் அதையெல்லாம் குறைவாகப் பேசுவார்கள், நானும் பேசியிருக்கிறேன். ஏடார் அன்ரிக்கும் எனக்கும் அதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

இவ்வளவும் படித்துவிட்டு, உன் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க அங்குள்ள அலுவலகத்துக்கு எடுத்தேன். பேசிய பெண் மிகவும் மரியாதையாகத்தான் பேசினாள். நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டாள். அம்மா என்றேன். பிள்ளை யாருடைய பெயரைக் கொடுத்திருக்கிறாரோ அவரிடம் மட்டும்தான் விபரம் சொல்லலாம் என்றும், அதில் இருப்பது வேறொருவருடைய பெயர் என்றும் சொன்னாள். யாருடையது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன்மேல் பிழையில்லை. அதே நாட்டில் இருக்கிற, பகலில் தொலைபேசியை எடுக்கிற ஒருவரின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். எனக்கு அதெல்லாம் விளங்குகிறது. விளங்குவதால் எரிவது நிற்பதில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ தெரிவு செய்தது நிலவியல். கல்லைப் படிக்கப்போகிறான் என்று முதலில் தலையில் அடித்துக்கொண்டவள், இரண்டு நாளில் துள்ளிக் குதித்தேன். கல்லைப் படிப்பதென்றால் ஆஸ்திரேலியாவை விட்டால் வேறு நாடு எது? இந்த நாடே கல்லைத் தோண்டித்தானே சாப்பிடுகிறது! இங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஏ லெவலை ஏற்றுக்கொள்கின்றன, மூன்று பாடத் தரங்களையும் பார்த்து இங்கத்தைய மதிப்புக்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஆவணியில் முடிவு, மாசியில் இங்கே வகுப்பு. நடுவில் ஆறு மாசம் என் கையால் சாப்பிடலாம். எல்லாவற்றையும் கேட்டு விசாரித்து, உனக்கும் சொன்னேன், நீயும் "ஓகே அம்மா, ஐ'ல் திங்க் அபௌட் இட்" என்றாய். முக்கியமாக, அதற்குப் பிறகு பரீட்சை வருஷம் என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடமே முடிந்துவிட்டது. முதல்முறையாகச் சட்டம் என் பக்கம் நின்றது.

முடிவு வந்தது ஒரு வியாழக்கிழமை. உங்களுக்குக் காலை, எங்களுக்குப் பின்னேரம். நான் காப்பகத்திலிருந்து வந்து சப்பாத்தையும் கழற்றாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். நீ எடுத்தபோது சூரியன் போய்விட்டது. கணிதத்தில் ஏ, புவியியலில் ஏ, பௌதிகத்தில் பி. முழு ஏ லெவல், இந்தமுறை நானே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். "பெரியம்மா அழுறா" என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "அம்மா, லீட்ஸ் கிடைச்சிட்டுது. நான் அங்க போறன். ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் இஞ்சதான். ஐ'ல் கம் ஃபோ கிறிஸ்மஸ், ஓகே?" என்றாய். கடைசி வரியைத் தவிர மற்றதை நன்றாகத் தமிழில் சொன்னாய், அதை நான் கவனித்தேன். ஓம் என்றேன். பரீட்சை என்ற சாட்டு இல்லாத வருஷத்தில், நீயே விரும்பி, அங்கேயே நின்றுவிட்டாய். கிறிஸ்மஸுக்கு வருகிறேன் என்று விருந்தாளிகள்தான் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த நினைப்பு நல்ல நினைப்பு அல்ல. லீட்ஸ், லண்டனில் இல்லை. அப்படியென்றால் பெரியம்மா வீட்டிலிருந்தும் போகிறான். லண்டனிலேயே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போ, வீட்டிலிருந்து சாப்பிட்டுக்கொண்டு படிக்கலாம் என்று அவர் உன்னிடம் எவ்வளவு கெஞ்சினார் என்று எனக்குத் தெரியும். என்னைப்போலவே அவரும் விசாரித்திருக்கிறார், அவரும் தோற்றிருக்கிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்குச் சோறு எனக்குக் கொஞ்சம் ருசியாக இருந்தது.

போன ஞாயிறு பின்னேரம் பெரியம்மா எடுத்தார். உனக்கு வாங்கிய சாமான்களைப் பற்றிப் பேசினார். கேத்தில் வாங்கியாயிற்று, விரிப்பு வாங்கியாயிற்று, மிளகாய்த்தூள் வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்தாயிற்று. எனக்கு ஒவ்வொன்றும் ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தது. நான் "ம், ம்" என்றுகொண்டு கீரை ஆய்ந்தேன். பிறகு "எடி," என்றார், எங்கள் வீட்டில் நான் கேட்டே இராத ஒரு குரலில், "அண்டைக்கு நீ அவனை விட்டிட்டு பிளேன் ஏறினனீதானே. அதுக்குப் பிறகு எப்பிடியடி நித்திரை கொண்டனீ?"

மூன்று வருஷமாக நான் காத்திருந்த இடம் அது, மகனே. இப்ப விளங்குதோ என்று கேட்கலாம். அந்த ஆசிரியருக்கு ஏன் நீ திருத்திச் சொல்லவில்லை என்று கேட்கலாம். எல்லாம் வாய்க்குள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் என்னிடம் இதுவரை ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அப்பா கேட்கவில்லை, நீ கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். "கொள்ளேல்லை அக்கா" என்றேன். "இப்பவும் சரியா இல்லை." இரண்டு பேரும் தொலைபேசியை வைக்கவில்லை. அவருடைய குசினியில் தண்ணீர்க் குழாய் சொட்டுவது எனக்குக் கேட்டது.

பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. சனிக்கிழமை அவர் உன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வரும் நேரத்தில் எனக்கு மறுபடியும் எரியும். ஆனால் அவர் திரும்பி வரும் காரில் பின்சீற் காலியாக இருக்கும். நீ இல்லாத பிளேனில் வந்தவள் நான், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் பெரியம்மாவுக்கு எடு. சாப்பிட்டீங்களா என்று கேள். மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது என்று சொல், முடியாவிட்டாலும் சொல். அவர் போதும் என்று சொல்லும்வரை நீயாக வைக்காதே. அதற்குப் பிறகு எனக்கு எடு. அவரோடு எவ்வளவு நேரம் பேசினாய் என்று நான் உன்னிடம் கேட்கமாட்டேன். ஆனால் அவர் எனக்குச் சொல்லிவிடுவார், சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. என்னோடு அதைவிட ஐந்து நிமிஷம் கூடப் பேசு.

உன்னைப் பெற்ற
அம்மா